பஞ்சாரத்துப் பூனைகள்

பூதத்தான் வளர்த்த இரண்டு பூனைகளும் அடுக்களைக் கொண்டியைத் தட்டித் திறக்கும். ஃபிரிட்ஜ் கதவைக் காலால் இழுக்கும். அவர் இலையில் மட்டும் திருடாது. இலைக்கு இடப்பக்கம் தரையில் ஆளுக்கொரு மீன் தலை வைப்பார். "தின்னுங்கலே" என்று அவர் சொல்லும்வரை வாய் வைக்காது.

அவர் இறந்த பதினாறாம் நாள் மதியம், மனைவி இசக்கியம்மா இலை போட்டுச் சோறும், தலையோடு பொரித்த இரண்டு சாளை மீனும் படைத்தாள். பூனைகளை முற்றத்தில் கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையால் மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தாள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள்.

கால் மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். சோறு கலையவில்லை. மீன் தலை இரண்டும் இலைக்கு இடப்பக்கம் தரையில் இருந்தன.

"ஏட்டி, பூனை எப்படி வெளிய வந்துட்டு?" என்று மகள் கலையரசியிடம் கத்தினாள்.

"பஞ்சாரத்துக்குள்ளதாம்மா கெடக்கு."

இசக்கியம்மா கதவை விரியத் திறந்து வைத்தாள்.

"பைய அதுகளத் தொறந்து விடு."

பூனைகள் ஓடிவந்து ஆளுக்கொரு தலையின் முன் உட்கார்ந்தன. தின்னவில்லை. இலைக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தை நிமிர்ந்து பார்த்தபடி இருந்தன.

பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் குனிந்து தின்னத் தொடங்கின.