கஸ்டர்டைத் தொடாதவர்கள்

"எங்க பக்கம் இத்தனை பேர் வாந்தி பேதின்னு சுருண்டு கிடக்குறாங்க. உங்க பக்கம் ஒருத்தர்கூட இல்லை. அது எப்படி சம்பந்தி?"

மாப்பிள்ளையின் அம்மா கேட்டது வார்டு முழுக்கக் கேட்டது. படுக்கைகளில் பாதிப் பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மீதிப் பேருக்கு அதற்கும் தெம்பில்லை.

பெண்ணின் அப்பா சுவரோரமாக நின்றார். கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையில் யாரோ எடுத்த வாந்தி காய்ந்திருந்தது. மண்டபத்திலிருந்து ஒவ்வொருவரையாகக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்தது அவர்தான்.

"என் பொண்ணும் படுத்திருக்காளே, சம்பந்தி" என்றார் மெதுவாக.

ஜன்னலோரப் படுக்கையில் மணப்பெண் கையில் சலைன் ஊசியோடு கண்மூடிக் கிடந்தாள். பக்கத்துப் படுக்கையில் மாப்பிள்ளை, ஊசி போட்ட மயக்கத்தில்.

"சந்தேகம் வரக் கூடாதுன்னு அவ மட்டும் ஒரு ஸ்பூன் தின்னிருப்பா!" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

'பந்திக்கு முந்து' என்பதை வேதவாக்காக வைத்திருக்கும் மனுஷன். மத்தியானம் முதல் பந்தியில் முதல் நாற்காலி. கஸ்டர்ட் மட்டும் மூன்று கிண்ணம்.

"நெருப்பில்லாமப் புகையுமா அண்ணி? போலீஸுக்குச் சொல்லிடுவோம்" என்றவர், பதிலுக்குக்கூடக் காத்திராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார்.

டாக்டரம்மா வேகமாக உள்ளே வந்தார்.

"எல்லார்கிட்டயும் விசாரிச்சுட்டேன். கஸ்டர்ட் சாப்பிட்டவங்கதான் படுத்திருக்காங்க. அது எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?"

"காலையிலேயே மேஜையில எடுத்து வெச்சுட்டோம், டாக்டர்" என்றார் பெண்ணின் அப்பா. "கடைசி நேரத்துல நாற்காலி பத்தலை. ஆள் விட்டு வேற இடத்துலேர்ந்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள விருந்து ரொம்பத் தள்ளிப் போயிடுச்சு. வெயில் வேற. அதைத் திரும்ப ஃபிரிட்ஜில வைக்கணும்னு யாருக்கும் தோணலை. அது என் தப்புதான்."

"சரி. உங்க சொந்தக்காரங்க அத்தனை பேர் இருந்தாங்களே, ஒருத்தர்கூடவா அதைத் தொடலை?"



"எங்க பக்கம் யாருக்கும் கஸ்டர்ட் பிடிக்காது."

"குழந்தைங்களுக்குக்கூடவா?"

அவர் சட்டையில் காய்ந்திருந்த கறையைச் சுரண்டத் தொடங்கினார்.

"பாத்தீங்களா டாக்டர்?" மாப்பிள்ளையின் அம்மா கையை ஓங்காத குறைதான். "கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சேதான் எங்களுக்குப் போட்டிருக்காங்க. எங்க தெரு, என் வீட்டுக்காரர் ஆஃபீஸ்னு ஒருத்தர் விடாம ஊரையே கூட்டிட்டு வந்தேன். இனிமே அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"நீங்க கஸ்டர்ட் சாப்பிடலையா?"

"எனக்குச் சர்க்கரை."

"தொடாதவங்க எல்லாம் குற்றவாளின்னா, உங்களையும் சேர்த்துக்கணும்" என்ற டாக்டரம்மா, சிரிக்காமல் பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார்.

"சார், மாப்பிள்ளையோட அப்பாவை ஐசியூவுக்கு மாத்திட்டோம். பிரஷர் இறங்கிட்டே போகுது. கஸ்டர்ட்ல வேற ஏதாவது கலந்திருந்தா மருந்தே வேற. உள்ளதைச் சொல்லுங்க."

"சத்தியமா எதுவும் கலக்கலை, டாக்டர்."

"கெட்டுப் போச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அத்தனையையும் நானே சாக்கடையில கொட்டியிருப்பேன்."

"அப்புறம் ஏன் உங்க ஆளுங்க தொடலை?"

அவர் ஒருதரம் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு உயிர் ஊசலாடும்போதும் இப்படி மென்று முழுங்குகிறவரை என்னவென்று நினைப்பது? வார்டில் முணுமுணுப்பு கிளம்பியது.

"என் புருஷனுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு..." மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "ஆகலைன்னாலும் சரி. உங்க பொண்ணை நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. அவ என் வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது. இன்னையோட இந்த உறவு அறுந்துபோச்சு!"

சித்தப்பா சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்தார். காதில் போன்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு ரிங் போகுது, அண்ணி."

"அப்பா..."

ஜன்னலோரத்திலிருந்து வந்த குரல். மணப்பெண் கண் திறந்திருந்தாள்.

"சொல்லிடுங்கப்பா."

"நீ பேசாம படும்மா."

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"வேண்டாம்மா. கல்யாணத்தன்னைக்கே அவங்களைக் குத்திக்காட்டின மாதிரி ஆயிடும்."

"யாரைக் குத்திக்காட்டறது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பெண் முழங்கையை ஊன்றி, மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க பக்கம் நூறு பேர் வருவாங்கன்னு சொன்னீங்க. வந்தது இருநூறுக்கும் மேல. நாற்காலியைக் கேட்டு வாங்கிட்டோம். கஸ்டர்டை எங்க போய் வாங்கறது? நீங்க கூட்டிட்டு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொன்னா உங்களுக்குத்தான் தலைகுனிவுன்னு, அப்பா எங்க ஆளுங்க ஒவ்வொருத்தர் காதுலயும் போய்ச் சொன்னாரு. 'அவங்க வயிறார சாப்பிடட்டும், நம்ம ஆளுங்க யாரும் அதை வாங்காதீங்க'ன்னு."

டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஐசியூவை நோக்கி ஓடினார். சித்தப்பா போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எதையாவது கேட்டாக வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

"அப்ப... உன்கிட்டயும் சொல்லியிருப்பாரே. நீ ஏம்மா சாப்பிட்ட?"

"எங்க ஆளுங்களைத்தானே சாப்பிட வேண்டாம்னாரு" என்றாள் பெண். "கல்யாணம் முடிஞ்சிடுச்சே, இனிமே நான் உங்க ஆளுன்னு நினைச்சுட்டேன், அத்தை."