கீழ ஆளு கீது

ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் கொல்லையில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சைனைடு மேட்டிலிருந்து பறந்துவந்த சாம்பல் தூசு எல்லா இலைகள் மேலும் படிந்திருக்கிறது; கிழவர் சம்பங்கி நட்டு வளர்த்த ஆவாரஞ்செடியின் பூக்கள் மட்டும் அதற்கு அடங்காமல் மஞ்சளாக நிற்கின்றன. வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீ ஒன்று பூவைக் கட்டிப் பிடித்து விர்ரென்று உலுக்குகிறது. பிறகு கால் நிறைய மகரந்தத்தோடு பறந்து, செடியடியில் இருக்கும் சின்னத் துளைகளில் ஒன்றுக்குள் இறங்கி மறைகிறது. கொதிக்கும் வடிகஞ்சியோடு வருகிறாள் அவர் மனைவி பழனியம்மா. "இன்னா இது, இவ்ளோ ஓட்டை? குளவி கூடு கட்டிகினு கீது. இத்த ஊத்துனா அடங்கிடும்." சட்டி சாய்கிறது. சுரங்கத்திலேயே தலை நரைத்த சம்பங்கி, முழங்கால் வலியை மறந்து பாய்ந்து, துளையின் மேல் உள்ளங்கையை விரிக்கிறார். இரண்டு சொட்டு புறங்கை மேல் விழுகிறது. "ஊத்தாதமே! கீழ ஆளு கீது." அவள் கை அப்படியே நின்றுவிடுகிறது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்த ஒரு நாளில், ஆட்கள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்றவள் அவள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் அவர் இல்லாமல்தான் மேலே வந்தது. சட்டியைத் துவைகல் மேல் வைத்துவிட்டு, செடியருகே குந்துகிறாள். கஞ்சியின் ஆவி மெல்லத் தணிகிறது. துளை வாயில் மண் அசைகிறது; தேனீ வெளியே வந்து இறக்கையை உதறிப் பறக்கிறது. "ஒருத்தன் வந்துட்டான்" என்கிறாள், அடுத்த துளையைப் பார்த்தபடி.