எட்டாத தண்ணீர்

கெலாங் பாத்தாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிங்கப்பூருக்கே குடிபோய்விட்டார்கள். நாயைப் பின்பக்கம் சங்கிலியில் விட்டுப் போனார்கள். தண்ணீர்ச் சட்டி அதற்கு எட்டவில்லை. வேலிக்கு மேலே சோற்றை எறியலாம், தண்ணீரை எப்படி எறிவது?

விலங்குவதைப் புகார் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன். "ஆள் வருவாங்கக்கா, லொக்கேஷன் அனுப்புங்க" என்பாள் ஒரு பெண். ஒவ்வொரு முறையும் அனுப்பினேன்.

அவர்கள் கேட்டின் பூட்டை உடைத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்த என் கணவர், நாய் செத்த பிறகுதான் உடைத்தார். கழுத்துப்பட்டையின் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்ததால் சங்கிலியோடே பின்சந்தில் புதைத்தோம். மனிதர்களுக்குப் படைப்பதுபோல மண்மேட்டின் மேல் வாழையிலையில் சோறும் சார்டின் மீனும் வைத்தேன். இளமண்ணில் தண்ணீர்ச் சட்டி சாய்ந்ததால், அதைத் தள்ளி சிமெண்டில் வைத்தேன்.

மறுநாள் ஃபேக்டரியில் இருந்தபோது அந்தப் பெண் அழைத்தாள்.

"எங்க ஆளுங்க இப்பதான் பின்சந்துல பார்த்தாங்கக்கா. நாய் நல்லா சாப்பிடுதாம். கேஸ் மூடிட்டோம்."

"அது செத்துப்போச்சும்மா!"

"அலமாக், படமே அனுப்பியிருக்காங்கக்கா. ஆனா சங்கிலி கட்டையா இருக்கு, தண்ணி எட்டல. கொஞ்சம் கிட்ட வைங்க லா."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மண்மேடு கலையவில்லை. இலை வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. தண்ணீர் மட்டும் வைத்தபடியே இருந்தது.

சட்டியை மேட்டை ஒட்டி நகர்த்தினேன். மண்ணுக்குள் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் கையை எடுப்பதற்குள் தண்ணீர் அலைந்து, மளமளவென்று குறைய ஆரம்பித்தது.

இன்னொரு சட்டி எடுத்துவர உள்ளே போனேன்.