மறுத்தவர்

மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பட்டியலின் மேல் மட்டும் விழுகிறது. நாட்டின் உயரிய குடிமக்கள் விருதுக்கான அந்தப் பட்டியலில், ஆற்றில் மூழ்கியவர்களை முக்குளித்து மீட்கும் மனிதரின் பெயர் சிவப்பு மையால் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. அவர் சுவரோரப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மனைவி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “நான்தாம்மா சரிபார்க்க போன் பண்ணேன். வேண்டாம்னுட்டாரு,” என்று அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். அவள் குறுக்கிடுகிறாள். “விருது விழுந்திருக்கு, அடையாள அட்டை நம்பர் சொல்லுங்கன்னா எவன் நம்புவான்? ஏமாத்துக்காரன்னு நெனச்சு, ‘வேற ஆளைப் பாருடா’ன்னு வச்சுட்டாரு.” “அதைத்தான் மறுப்புன்னு எழுதினேன்.” “எழுதுவீங்கய்யா. பஸ்ஸோட அத்தனை பேரும் ஆத்துல விழுந்தப்போ, வேற ஆளைப் பாருன்னாரா இவரு?” பெஞ்சிலிருந்து, “விடு, போலாம்,” என்று மெல்லிய குரல் வருகிறது. “நீங்க சும்மா இருங்க. வாயைத் தொறந்து கெடுத்தது போதும்!” அவள் திரும்பவும் அதிகாரியைப் பார்க்கிறாள். “சேர்த்துக்குங்கன்னு மனு எழுதித் தர்றோம்.” “கேட்டு வாங்கறவங்களுக்கு விருது கிடையாதும்மா. விதி அப்படி.” “நீங்க கூப்பிட்டா மறுப்பு, நாங்க வந்து கேட்டா தகுதியில்லையா?” மேசைமேல் அதிகாரியின் கைபேசி அதிர்ந்து, தண்ணீர்த் தம்ளரை நோக்கி நகர்கிறது. அவர் திரையைப் பார்க்கிறார். “யாரோ, தெரியாத நம்பர்,” என்று முணுமுணுத்தபடி அழைப்பைத் துண்டித்துக் கவிழ்த்து வைக்கிறார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து அவர் முன்னால் நீட்டுகிறாள். “எழுதுங்க, நீங்களும் மறுத்துட்டீங்கன்னு.”