வேப்பஞ்சேலை

"வேணாம்மா. எனக்காக நீ இந்தக் கஷ்டம் படாத."

பெரியபாளையம் பவானியம்மன் கோயில் வாசலில் பானு அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஈஸ்வரி அதைக் காதிலேயே வாங்கவில்லை. தலைக்குக் குளித்த ஈரம் சொட்டச் சொட்ட வேப்பிலைக் கடை கங்கம்மாளின் முன்னால் போய் நின்றாள்.

"இன்னாம்மா, வேண்டிக்கினது நடந்துச்சா?" இலைக்கொத்துகளைச் சேலையாகக் கோத்துக்கொண்டே கங்கம்மாள் கேட்டாள். ஆடி மாதம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் கேட்கிற கேள்விதான். ஈஸ்வரி குனிந்து புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடக்கவில்லை என்று அம்மா எந்த வாயால் சொல்வாள்?

அரசு மாதிரிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு. இடம் கிடைத்துவிட்டால் அங்கேயே விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைக்குப் போகிற அப்பா, "என் பொண்ணு டாக்டராவப் போறா" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மயிரிழையில் பானுவுக்கு இடம் தவறிப்போயிற்று.

அன்றைக்கு அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. அம்மா மட்டும் ஒரு வார்த்தை திட்டாமல், அழுதுகொண்டிருந்தவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பானுவுக்கு மனசு ஆறியிருக்கும்.

அம்மா பட்ட பாடு கொஞ்சமா? அக்கா திலகவதி வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கப் போனவள். காய்ச்சல் என்று தகவல் வந்து அம்மா பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பேச்சு நின்றிருந்தது; அன்றிரவே உயிரும் போயிற்று. அக்கா பாதியில் விட்ட படிப்பை நாம்தான் முடித்துக் காட்ட வேண்டும் என்று பானு அப்போதே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

தேர்வுக்குப் படித்த நாளெல்லாம் அம்மாதான் விடியுமுன் எழுப்பிவிட்டு, டீ ஆற்றிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். புத்தகத்தைப் பார்க்க மாட்டாள். பானுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாமா அப்டி பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நீ படி."

தேர்வு நாள் காலையில் மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்ததும் அம்மாதான். "நான் கேட்டத குடுத்துடு தாயே. வேப்பஞ்சேல கட்டிக்கினு உன் கோயில சுத்தி வரேன்" என்று கண்ணீர் வழிய அவள் கும்பிட்டதை, பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்த பானு பார்த்தாள். அந்தக் கண்ணீருக்காகவாவது பாஸாகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

கேட்டதை அம்மன் கொடுக்கவில்லை. இருந்தும் கடன்காரி மாதிரி வந்து நிற்கிறாள் அம்மா. காலையில் பஸ்ஸில் கேட்டதற்கும், "சாமிகிட்ட சொன்னா சொன்னதுதாண்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கங்கம்மாள் ஈரப் புடவையின் மேல் வேப்பஞ்சேலையைச் சுற்றிக் கட்டினாள். ஈஸ்வரி கைகூப்பியபடி பிராகாரத்தில் நடக்கத் தொடங்கினாள். ஆடி வெயிலில் கல்தரை கொதித்தது. காம்புகள் கழுத்தையும் கையையும் கீறின. பானு தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே நடந்தாள். பெண்ணைப் படிக்க அனுப்ப ஒரு தாய் இவ்வளவு பாடுபடுவாளா என்று அவளுக்கு அழுகை முட்டியது. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சந்நிதிக்கு நேரே வந்ததும் பானுவும் கையைக் கூப்பிவிட்டு, முன்னால் போன அம்மாவிடம் சொன்னாள். "அம்மா, நீ கவலப்படாத. பதினொன்னாங் கிளாஸ் சேர்றதுக்கும் பரீட்ச வெப்பாங்களாம். அதுல கண்டிப்பா பாஸ் பண்ணி ஆஸ்டலுக்குப் போவேன். இந்த வாட்டி நானே அம்மன்கிட்ட வேண்டிக்கறேன்."

ஈஸ்வரி சட்டென்று நின்றாள். திரும்பியவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"வேண்டாதடி!"

"ஏம்மா? நீ வேண்டிக்கினியே!"

கூப்பியிருந்த கைகளை ஈஸ்வரி பிரித்தாள். இலைகள் உதிர உதிரப் பானுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். கூட்டம் அவர்களைச் சுற்றி ஒதுங்கிப் போனது.

"அழாதம்மா. வேண்டிக்கினது நடந்தவங்கதானே வேப்பஞ்சேல கட்டுவாங்க? உனுக்குத்தான் ஒண்ணும் நடக்கலையே. அப்புறம் இன்னாத்துக்கு இப்டி வெயில்ல வேவுற?"

பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஈஸ்வரி தேம்பினாள்.

"நீ பாஸாவக் கூடாதுன்னுதாண்டி வேண்டிக்கினேன்!"