ஒட்டிக்கொண்ட மூடி

கிறிஸ்துமஸ் காலையில் ஜெசிந்தா ஒரு முழுப் பன்றித்தொடையைக் கருப்பட்டிப் பாகில் வேகப் போட்டு, அடுப்பைச் சிறுதீயில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பூசை முடிந்ததும் இருபது பேர் சாப்பிட வருவார்கள்.

"வெந்துடுச்சான்னு பார்க்கணும், கொஞ்சம் நகரு" என்றது கரண்டி.

"இப்பதானே பார்த்தீங்க? ஆவியெல்லாம் வெளியே போகுதுக்கா" என்றது மூடி.

"நல்ல நாளும் அதுவுமா கறி வேகலைன்னா யாருக்கு அவமானம்?"

கரண்டி ஐந்து தடவை திறந்தது. ஒவ்வொரு தடவையும் குத்திப் பார்த்தது, புரட்டிப் பார்த்தது. கறி கல்லு மாதிரியே கிடந்தது.

ஆறாவது தடவை மூடி அசையவே இல்லை. பொங்கி வந்த பாகு விளிம்பில் இறுகி, அதைச் சட்டியோடு ஒட்டிவிட்டது.

"போச்சு! இனி யாரு பார்ப்பா?" என்று கரண்டி அடுப்பு மேடையில் கிடந்து புலம்பியது.

ஜெசிந்தா வந்து, மூடியை இரண்டு தட்டு தட்டித் திறந்தாள். தொடை பளபளவென்று, தொட்டால் பிய்கிற பதத்தில் இருந்தது.

"பார்த்தியா? நான் விடாம கவனிச்சதாலதான் இப்படி வெந்திருக்கு" என்றது கரண்டி.

"ஆமாக்கா, ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க" என்ற மூடி, தன் விளிம்பில் இருந்த பாகை நக்கிக்கொண்டது.