சிவப்புப் பட்டை

முதல் குற்றம்: முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பென்சிலின் ஊசி போட்டு முகத்தை வீங்க வைத்தது.

இரண்டாவது: அப்படி நடக்கவே இல்லை என்று சாதித்தது.

மூன்றாவது: போன வாரம் காய்ச்சலோடு வந்தவளை ஒரு பகல் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தது.

நான்காவது: மாற்று மருந்து என்று எதையோ ஏற்றி, நன்றாக இருந்த சிறுநீரகத்தைக் கெடுத்தது.

ஐந்தாவது...

"ஐந்தாவது நான்தான் ஐயா" என்றாள் பார்மசிஸ்ட் பெண். "மறுபடியும் பென்சிலின் குடுத்துப் பார்க்கலாமான்னு கேட்டேன். அதையும் எழுதிக்குங்க."

வார்டு வாசலில் மனுவை உரக்கப் படித்துக்கொண்டிருந்த தலைவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அவர் சங்கம் நடத்திய ஆலையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இன்னும் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். பின்னால் சங்கத்துத் தோழர்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு 'மைக்செட்' என்று பெயர். சுவரொட்டி ஒட்டியே வயதானவருக்குப் 'பசைவாளி'.

"கிண்டலாம்மா? அந்த ஊசி போட்டப்ப நீ பொறந்திருப்பியா?"

"இல்லை ஐயா."

"அதான் பேசுறே. அன்னிக்குப் பாதி கொன்னீங்க. மீதியை இப்ப முடிக்கணுமா?"

மைக்செட் முன்னால் வந்தார். "பதினோரு நாள் இந்த வாசல்ல உட்கார்ந்தோம்மா. ஊசி போட்ட நர்ஸை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் எழுந்தோம். ஆள் தெரியாம வாய் விடாதே."

இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கையில் சிவப்புப் பட்டை கட்டியவர்களிடம் போய், அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பதுதான் அந்த ஆஸ்பத்திரியில் அவள் வேலை. மாத்திரை போட்டு வாந்தி எடுத்தவர், அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளாததைத் தனக்கும் என்று எழுத வைத்தவர், எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அலர்ஜியே இருக்காது. பட்டை மட்டும் இருக்கும். நல்ல மருந்துக்குக் கதவு சாத்தியே இருக்கும்.

"ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு இதய வால்வுல கிருமி உட்கார்ந்திருக்கு. அதுக்குச் சரியான மருந்து பென்சிலின்தான். இன்னிக்குள்ள மாத்தலேன்னா கை மீறிடும்னு டாக்டர் சொல்றார்."

"மாத்தினா முகம் வீங்கிச் செத்துப்போவா."

"ஊசியாலதான் வீங்குச்சுன்னா டாக்டரே ஒரு துளி குடுக்க விடமாட்டார். அதான் கேட்கிறேன். ஊசி போட்டு எத்தனை நேரத்துல வீங்குச்சு?"

"பத்தாயிரம் நோட்டீஸ் அடிச்சோமே, அதுல எல்லாம் இருக்கு."

"பழைய ஃபைல்ல ஒண்ணு இருந்துச்சு. படிச்சேன். கோபம் நிறைய இருக்கு ஐயா. மணிதான் இல்லை."

பசைவாளி சட்டென்று சிரித்துவிட்டு, தலைவர் முகத்தைப் பார்த்ததும் இருமினார்.

தலைவர் மனுவை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"அவளையே கேளு."

தலைவரும் அவளும் மட்டும் உள்ளே போனார்கள். காய்ச்சலில் அந்த அம்மாவின் கண் மூடியே இருந்தது. மணிக்கட்டு இளைத்துப் பட்டை தொளதொளவென்று கிடந்தது. காலையில் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்குக்கூடப் பதில் இல்லை.

பெண் காதருகே குனிந்தாள். "அம்மா, ரொம்ப நாளைக்கு முன்னால உங்க முகம் வீங்குச்சே, எதனால?"

உதடு உடனே அசைந்தது.

"ஊசிதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"ஊசிதான்மா. வேற ஒண்ணுமில்லை. யார் கேட்டாலும் ஊசிதான்."

தலைவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"எழுதித் தர்றேன். ஒரு பேப்பர் குடும்மா" என்றார்.

"நீங்க எழுதறதை ரெண்டு சாட்சிங்க முன்னால உரக்கப் படிக்கணும் ஐயா. அப்பதான் பட்டையை எடுக்க முடியும். விதி அப்படி."

"தெரியும். மூடின அறையில எதுவும் எழுதக் கூடாதுன்னு போராடி அந்த விதியை வாங்கினதே நான்தான்."

அவர் முகம் போன போக்கை அவள் கவனித்தாள். "வேற வார்டுல இருந்து ரெண்டு நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். வெளியில நிக்கிறவங்களே வரட்டும்."

நின்றபடியே எழுதினார். மனு என்றால் முப்பது பக்கம் எழுதுகிறவர், நாலைந்து வரிதான் எழுதினார். பேனா அழுந்திய இடத்தில் தாள் கிழிந்தது. கவிழ்த்துக் கொடுத்தார்.

தோழர்கள் உள்ளே வந்தார்கள்.

"என்ன தலைவரே, சமாதானமாப் போயிட்டீங்களா?" என்றார் மைக்செட்.

தலைவர் அவரைப் பார்க்கவில்லை. "படிம்மா. சத்தமா."

அவள் படித்தாள்.

"முகம் வீங்கியது, ஊசி போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம். ஊசி போட்டது, கிழிந்த உதடு சீழ் வைக்காமல் இருக்க. ஊசியால் வந்த கெடுதி ஒன்றுமில்லை. நர்ஸ் மேல் தப்பு ஒன்றுமில்லை."

அடுத்த வரியைப் பார்த்ததும் அவள் குரல் நின்றது.

"நிறுத்தாதே."

"அடித்தவர்" என்று ஆரம்பித்து, அந்த இரண்டு பேரும் ஆயுள் முழுக்க ஊர்வலங்களில் 'வாழ்க' என்று கத்திய பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து அவள் வாசித்தாள்.